கால் நோகாத பயணம்

பயண நூல்களைப் படிப்பதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. கால் நோகாது. கப்பலில் போகிறவனுக்குத் தலை சுற்றும், குமட்டும், படிக்கிறவனுக்கு ஒன்றும் செய்யாது. பனிமலையில் ஏறுகிறவனுக்குக் குளிரில் விரல்கள் கறுத்துப் போகும். படிக்கிறவனின் விரல்களுக்கோ முறுக்குத் தட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவே போய் வருவதைத் தவிர வேறு பிரயாணம் கிடையாது.

இந்தச் சௌகரியத்தை முப்பது வருஷமாக அனுபவித்து வருகிறவன் நான். ஆகவே, "பயண நூல்களும் சாகச நூல்களும் மனிதனுக்கு ஊக்கம் தருமா?" என்று யாராவது கேட்டால், "தரும்" என்று உடனே சொல்லிவிட எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வரும்போதெல்லாம் நாக்குக் கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது சூலக்கரை. கரிசல் மண். சீமைக் கருவேல மரங்கள். வெயில். மலையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போக வேண்டும். கடலைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். ஊரை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலை மட்டும் தெற்கே கன்னியாகுமரிக்கும் வடக்கே காஷ்மீரத்துக்கும் போகிறது. அந்தச் சாலையோரத்தில் நிற்கிற பையனின் மனம் இரு பக்கமும் தேசம் முடிகிற இடம் வரைக்கும் ஓடிவிட்டு வரும். கால் மட்டும் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டாது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குப் பயண நூல் என்பது பொழுதுபோக்கு அல்ல, தாகத்துக்குத் தண்ணீர்.

விருதுநகர் நூலகத்தில் எனக்கு முதலில் கிடைத்தவர் ஏ. கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற தலைப்பே என்னை மயக்கிவிட்டது. அதற்குப் பிறகு, அட்டை கிழிந்து முதல் சில பக்கங்களும் இல்லாமல் கிடைத்தது ஒரு சின்னப் புத்தகம். ஷாக்கில்டன் என்பவரின் தென்துருவப் பயணக் கதை அது. 1915ஆம் வருஷம் அவருடைய கப்பல் 'என்டூரன்ஸ்' பனிக்கட்டிகளின் நடுவே அகப்பட்டு நொறுங்கிக் கடலில் மூழ்கிவிடுகிறது. இருபத்தெட்டுப் பேர் பனிமேல் நிற்கிறார்கள். பல மாதங்களுக்குப் பிறகு எலிஃபன்ட் தீவு என்கிற வெறும் பாறையில் ஒதுங்குகிறார்கள். அங்கே இருபத்திரண்டு பேரை விட்டுவிட்டு, ஆறு பேர் மட்டும் ஒரு சிறு படகில், உலகத்திலேயே கொந்தளிப்பு மிகுந்த கடலில் எண்ணூறு கடல் மைல் போய், உதவி தேடி வருகிறார்கள். 1916 ஆகஸ்டு 30ஆம் தேதி அந்த இருபத்திரண்டு பேரும் உயிரோடு மீட்கப்படுகிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. வைகாசி மாதத்துப் புழுக்கத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில், எனக்குக் குளிர் எடுத்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். உறவு இல்லை, ஆனாலும் அக்காதான். சிவகாசிப் பக்கத்தில் ஒரு வெடி ஆபீஸில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். விடிவதற்கு முன்னால் வேன் வந்துவிடும். அவள் சரவெடி பின்னுகிறவள். அவள் புருஷன் மருந்து அடைக்கிற அறையில் வேலை செய்கிறவர். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் கையில் அலுமினியப் பவுடர் வெள்ளி போல மின்னிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு விடியற்காலையில் தூக்குச் சட்டியோடு வாசலுக்கு வந்தவள், விளக்கடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏந் தம்பி, விடிய விடிய என்னதான் படிக்கிற?"

அவளுக்கு நான் கப்பல் மூழ்கிய கதையைச் சொன்னேன். வேன் வருகிற வரைக்கும் நின்று கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"சரி, அம்புட்டுத் தூரம் எதுக்குப் போனாக?"

"பார்க்கத்தான் அக்கா. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை அந்தக் கண்டத்தைக் கடந்து பார்க்க."

"பாக்கவா!" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப, தானா தேடிப் போற ஆபத்துக்குத்தான் புஸ்தகம் போடுவாகளா, தம்பி?"

வேன் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும் வயது அப்போது எனக்கு வரவில்லை.

புத்தகங்கள் எனக்கு ஊட்டிய வீரத்தின் முதல் பலனையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாவது வயதில், ஒரு பையில் இரண்டு சட்டையும் செட்டியார் புத்தகமும் வைத்துக்கொண்டு, உலகம் சுற்றுவதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். தெற்கே நடந்தேன். உச்சி வெயிலுக்குச் சாத்தூர் வந்தது. செருப்பு அறுந்தது. அங்கே சேவும் டீயும் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். "எங்கேடா போயிருந்தாய்?" என்று கேட்ட அம்மாவிடம் ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவைக் கொடுத்தேன். அதைத் தவிர அந்த உலகப் பயணத்தின் சின்னம் வேறொன்றும் இல்லை.

இது சிரிக்கக்கூடிய விஷயம். அடுத்தது அப்படியல்ல.

எனக்கு இருபது வயது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். அக்காவின் புருஷனுக்கு மருந்து அறையில் கை வெந்துவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆபீஸ்காரர்கள் சில வாரங்கள் வைத்தியச் செலவு கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அக்கா என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடு. நீயும் கூட வந்து நாலு வார்த்தை சொன்னயின்னா நல்லாருக்கும்."

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் ஜனங்களின் குறைகளைக் கேட்பார்கள். அந்த ஆபீஸோ எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்து போகிற தூரம்தான். ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேர நடை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

என் அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடை முதலாளிக்கு வெடி ஆபீஸ்காரர் நெருங்கிய சொந்தம். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும். முகமும் தெரியும். "நாளைக்கு எழுதித் தருகிறேன் அக்கா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். நான்காம் நாள் அவள் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஒரு கையில் மஞ்சள் பையும் மறு கையில் புருஷனுமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் யாரிடமோ காசு கொடுத்து மனு எழுதி வாங்கிக் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் நடந்து போனபோது என் மடியில் திறந்து கிடந்த பக்கம் எது என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஷாக்கில்டனும் இன்னும் இருவரும் தெற்கு ஜார்ஜியாத் தீவில், யாரும் அதுவரை கடந்திராத மலைகளைக் கடக்கிற பக்கம்.

தென்துருவத்துப் பனியை எத்தனையோ இரவுகள் கடந்தவனால் ஒரு பகலில் அரை மைல் கடக்க முடியவில்லை.

அப்படியானால் இத்தனை வருஷம் நான் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா? அந்தக் கேள்வி என்னை வெகுநாள் அரித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போவதோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அதைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவன் தோட்டத்துப் பக்கமே போகமாட்டான் அல்லவா? தைரியத்தைப் பற்றிப் படிக்கும்போது நெஞ்சு விம்முகிறது, உடம்பு சிலிர்க்கிறது. செலவில்லாமல் கிடைத்த அந்தச் சிலிர்ப்பையே தைரியம் என்று எண்ணி ஏமாந்துவிடுகிறோம்.

ஆனால் இதற்கு எதிர்ச் சாட்சிகளும் உண்டு. தென்துருவத்தை 1911 டிசம்பர் 14ஆம் தேதி முதன்முதலாக அடைந்த நார்வேக்காரர் அமுண்ட்சன், எல்லாரையும் போலப் புத்தகம் படித்தே மயங்கியவர்தான். பதினைந்தாவது வயதில் ஃபிராங்க்ளினின் வடதுருவப் பயண நூல்கள் அவருக்குக் கிடைத்தன. பசி தாங்காமல் காலணித் தோலைத் தின்றவர்களின் கதை அது. அந்தத் துன்பங்களே தம்மை மிகவும் கவர்ந்தன என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அது வரைக்கும் அவரும் என்னைப் போலத்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கிடைத்த துருவப் பயண நூல்களையெல்லாம் படித்து, 'இவர்கள் ஏன் தோற்றார்கள்?' என்று கேட்டார். பல பயணங்களில் கப்பலுக்கு ஒருவர் தலைவர், பயணத்துக்கு வேறொருவர் தலைவர். இருவருக்கும் ஒத்துப்போகாமல் காரியம் கெடுகிறது என்று கண்டார். உடனே என்ன செய்தார்? தாமே கப்பல் செலுத்தக் கற்றுக்கொள்வதற்காகச் சாதாரண மாலுமியாகப் போய் வேலை செய்தார். 1903 முதல் 1906 வரை 'யோவா' என்ற சின்னக் கப்பலில் போனபோது, பனிப் பிரதேசத்து மக்களிடம் தோலுடை உடுத்தவும் நாய்வண்டி ஓட்டவும் பாடம் கேட்டார். சிலிர்ப்பைக் கேள்வியாக மாற்றினார். கேள்வியைக் கைத்தொழிலாக மாற்றினார்.

நம் செட்டியாரையே எடுத்துக்கொள்வோம். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. காந்தி ஜயந்தி நாளில் கப்பலில் யாருக்குத்தான் நல்ல எண்ணம் தோன்றாது? கரை இறங்கியதும் மறந்துபோவதுதான் உலக வழக்கம். செட்டியார் மறக்கவில்லை. உலகத்தின் பல மூலைகளில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச் சுருள்களைத் தேடி, சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார். 1940இல் படம் வெளிவந்தது. அவ்வளவு தூரம் சுற்றியவர், தம் நூல்களில் தம்மைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பார்த்தது இருக்கும், சந்தித்தவர்கள் இருப்பார்கள், அவர் பட்ட பாடு இருக்காது. சாத்தூர் வரைக்கும் நடந்த நானோ அதை இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதிவிட்டேன்!

சாகச நூல் எதுவும் தூண்டாமல் நடந்த பெரிய பயணங்களும் உண்டு. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1922இல் சிவகாசியிலிருந்து பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பில்லை. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தால் ஊர் பிழைக்கும் என்று போனார்கள். பாஷை வேறு, சாப்பாடு வேறு. மாதக்கணக்கில் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருஷம் சிவகாசியில் தீப்பெட்டி பிறந்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும், பட்டாசைச் சுற்றி அச்சுத் தொழிலும் வளர்ந்தன. அந்த இருவரும் எந்தக் கொடியையும் எங்கேயும் நடவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கான ஜனங்களுக்குச் சோறு போட்ட பயணம் அது. எந்தத் துருவப் பயணத்துக்கு அது குறைந்தது?

ஆனால், அந்தப் பயணம் பெற்றெடுத்த தொழில் இன்றைக்கும் விலை கேட்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் அங்கே வேலை செய்கிறவர்களே அல்ல. முதலில் தீப்பிடித்தபோது சுற்று வட்டாரத்திலிருந்து ஓடி வந்த ஜனங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. உள்ளே இருப்பவர்களைத் தூக்கிவர ஓடியவர்களும் உண்டு. அப்படி ஓடியவர்களைப் பற்றி யார் பயண நூல் எழுதினார்கள்? அவர்கள் ஓடிய தூரம் நூறு கஜமாக இருக்கலாம். தெற்கு ஜார்ஜியாவின் மலையைவிட அது சின்னத் தூரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் அக்காவின் கேள்வி திரும்பி வருகிறது. தானாகத் தேடிப் போகிற ஆபத்துக்குத்தான் புத்தகம் போடுவார்களா?

பெரும்பாலும் அப்படித்தான். என் ஷாக்கில்டன் கதையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில் அது இல்லை. வெகுகாலம் கழித்து வேறு நூல்களில் படித்தேன். அந்தக் கப்பலில் மக்னிஷ் என்று ஒரு தச்சர் இருந்தார். எண்ணூறு மைல் போன சிறு படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே மூடி அமைத்து, அலையைத் தாங்கும்படி செய்தவர் அவர். அந்தப் படகிலேயே போன ஆறு பேரில் அவரும் ஒருவர். அவர் வேலை இல்லாவிட்டால் இருபத்தெட்டு உயிர்களும் இல்லை. ஆனால் பனியில் ஒருநாள், 'கப்பல் போன பிறகு உங்கள் கட்டளைக்கு நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும்?' என்ற வகையில் அவர் தலைவரை எதிர்த்துப் பேசிவிட்டார். ஊர் திரும்பியதும் துருவப் பதக்கம் கொடுத்தார்கள். தலைவர் பரிந்துரைக்காததால் தச்சருக்குக் கொடுக்கவில்லை. 1930இல் நியூஸிலாந்தில் வறுமையில் அவர் இறந்தார். 2022இல் 'என்டூரன்ஸ்' கப்பலை மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தபோது உலகமே கொண்டாடியது. நான் நினைத்துக்கொண்டது அந்தத் தச்சரின் கைகளை. அக்கா புருஷனின் கைகளையும்தான்.

தேடிப் போகிற ஆபத்துக்கு ஓர் அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. போகாமலும் இருந்திருக்கலாம் என்ற சுதந்திரம் அதில் இருக்கிறது. அந்தச் சுதந்திரம் இல்லாமல், மாதச் சீட்டுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்குமாக, விடியற்காலை வேனில் ஏறி ஆபத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறவளின் தைரியத்துக்குப் பெயரே கிடையாது. நாம் அதைப் 'பிழைப்பு' என்று சொல்லிவிடுகிறோம். அதைச் சாகசம் என்று புகழ்வதும் தவறுதான். புகழ்ந்துவிட்டால், அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டிய கடமை நமக்கு மறந்துபோகும். துருவத்துக் குளிரை யாரும் மாற்ற முடியாது. மருந்து அறையின் ஆபத்து மனிதர்கள் வைத்தது, மனிதர்கள் மாற்றக்கூடியது.

அப்படியானால் பயண நூல்களைப் படிக்க வேண்டாமா? படிக்கத்தான் வேண்டும். அந்த நூல்கள் எனக்குத் தைரியத்தைக் கொடுக்கவில்லை. தைரியத்தின் முகம் எப்படி இருக்கும் என்று காட்டின. அந்த முகத்தைப் புத்தகத்தில் பார்த்திராவிட்டால், அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பையோடு நடந்து போனதும் அதே முகம்தான் என்று எனக்குத் தெரிந்திருக்காது. என் வெட்கமே அந்தப் புத்தகங்கள் எனக்குத் தந்த ஊக்கம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் தாமதமாக வந்த ஊக்கம். நல்ல சாகச நூலைப் படித்து முடித்தவன் தன்னை ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: நான் நாளைக்கென்று தள்ளிப்போட்டு வைத்திருக்கும் அரை மைல் எது?

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது வயதாகிவிட்டது. வேலைக்குப் போவதில்லை. பேரன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்கென்று ஷாக்கில்டன் கதையை வாங்கிப் போயிருந்தேன். அட்டையில் கப்பல் படத்தைப் பார்த்தவுடனே, "இது அந்தப் பாக்கப் போனவுக கதைதான?" என்று அக்கா சிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் மறக்கவில்லை.

நானும் ஒன்றை மறக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனுவை எழுதித் தராமல் போனதைப் பற்றி, தட்டுத் தடுமாறி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே பிடிபடவில்லை. பிறகு கையை வீசினாள்.

"அட, அதையா இன்னும் வச்சுக்கிட்டிருக்க? நாங்கதான் நடந்தே போயிட்டு வந்துட்டோம்ல. இங்கன பக்கத்துலதான தம்பி இருக்கு!"

பக்கத்தில்தான் இருந்தது. அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.